நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?

2023 அக்டோபரில் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகருக்குப் படிக்க வந்தேன். வந்து மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம், விடுதியின் பொதுச் சமையலறையில் துவரம் பருப்பை அடுப்பில் வைத்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று முறை தண்ணீர் ஊற்றியாயிற்று. பருப்பு மஞ்சள் மஞ்சளாகக் கொதித்துக்கொண்டே இருந்தது. எடுத்து நசுக்கினால் நடுவில் சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு கடினம். மாலை ஆறரை மணி. பரமக்குடியில் இரவு பத்து. அம்மா படுத்திருப்பாள் என்று தெரிந்தும் கூப்பிட்டேன்.

பருப்பு பழசா, எவ்வளவு நேரம் ஊறவைத்தாய் என்றெல்லாம் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"ஆத்தா, அங்க நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா?"

"குழாய்த் தண்ணிம்மா. எல்லாரும் குடிக்கிற தண்ணிதான்."

"குடிக்கிறதக் கேக்கல. பாத்திரத்துல வெள்ளையாப் படியுதா?"

பக்கத்தில் இருந்த கெட்டிலின் மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் வெள்ளையாக, செதில் செதிலாக, நம் வீட்டுக் குளியலறை வாளியில் படிவதைப் போலவே படிந்திருந்தது. அதைச் சொன்னதும் அம்மா, "அப்ப அது வேகாது, அடுப்ப அணை" என்று சொல்லிவிட்டாள். ஜெர்மனியைப் படத்தில்கூடச் சரியாகப் பார்க்காதவள், ஒரு கேள்வியில் விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

எங்கள் பக்கத்து வீடுகளில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க. காவிரித் தண்ணீர் வரும் நாளில் குடங்களில் பிடித்து வைத்து, அதில்தான் பருப்பும் சோறும். அந்தக் குடத்தை நானே எத்தனையோ முறை தூக்கியிருக்கிறேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்பின் செல் சுவர்களில் உள்ள பெக்டினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகின்றன, அதனால் பருப்பு இளகுவதில்லை என்று பிறகு படித்தேன். இங்கே தண்ணீரின் கடினத்துக்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். 14-க்கு மேல் போனால் கடின நீர். வூர்ட்ஸ்பர்க் அதைத் தாண்டி வெகுதூரம். ஊரைச் சுற்றியுள்ள திராட்சைச் சரிவுகளுக்கு அடியில் இருப்பதெல்லாம் சுண்ணாம்புப் பாறை.

அதனால் வெளிநாட்டில் முதல் முறையாகப் பருப்பு வேகவைக்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கெட்டிலின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவம் இருந்தால், தண்ணீரின் கடினத்தைக் குறைக்கும் வடிகட்டும் குடுவையில் ஊற்றிய தண்ணீரில் பருப்பை ஒரு மணி நேரமாவது ஊறவைத்து, அதே வடிகட்டிய தண்ணீரில் வேகவையுங்கள். குடுவை இல்லையென்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும். அதிகம் போட்டால் சோப்பு மாதிரி ஒரு ருசி வந்துவிடும். புளியும் தக்காளியும் பருப்பு நன்றாகக் குழைந்த பிறகுதான். புளிப்பும் பருப்பை வேகவிடாது. இது எதுவும் வேண்டாம் என்றால் மைசூர் பருப்பு வாங்குங்கள். சிவப்புப் பயறு என்ற பெயரில் இங்கே எல்லா சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கிறது. கால் மணி நேரத்தில் கரைந்துவிடும். முதல் மாதம் முழுக்க நான் அதை வைத்துத்தான் சமாளித்தேன்.

ஊரில் நான் சமைத்ததே இல்லை. பள்ளி முடிந்ததும் கல்லூரி விடுதி, அப்புறம் சென்னையில் வேலை, மெஸ் சாப்பாடு. பெட்டியில் அம்மா வைத்துக் கொடுத்தது சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, புளி, பெருங்காயம், ஒரு நோட்டு. அந்த நோட்டில் அவள் கையெழுத்தில் பதினொரு குழம்பு வகைகள். எல்லாவற்றிலும் "3 விசில்", "4 விசில்", "கண்ணளவு உப்பு", "எலுமிச்சம்பழ அளவு புளி".

குக்கர் எடையென்று எடுத்து வரவில்லை. இங்கே ஒரு பழைய பொருள் சந்தையில் ஜெர்மன் பிரஷர் குக்கர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வீட்டுக்கு வந்து மூடியபிறகுதான் தெரிந்தது, அது விசில் அடிக்காது. மூடியில் ஒரு சின்னக் குச்சி மேலே எழும்பும், அதில் இரண்டு வளையம். முதல் வளையம் தெரிந்தால் மெதுவான அழுத்தம், இரண்டாவது தெரிந்தால் முழு அழுத்தம். அதன்பிறகு சூட்டைக் குறைத்து நிமிடத்தை எண்ண வேண்டும். அம்மாவின் நோட்டில் இருந்த விசில்களை நான் நிமிடங்களாக மாற்ற வேண்டியிருந்தது. அம்மா அங்கே அடுப்பைப் பற்றவைத்து, போனைப் பக்கத்தில் வைத்து, குக்கர் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தாள். நான் இங்கே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஊறிய துவரம் பருப்பு, இரண்டாவது வளையத்துக்குப் பிறகு 10 நிமிடம், தானாக அழுத்தம் இறங்கும்வரை தொடக்கூடாது. கொண்டைக்கடலை இரவெல்லாம் ஊறியது, 20 நிமிடம். நோட்டில் விசில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

புளி விஷயத்தில் இன்னொரு பாடம். எலுமிச்சம்பழ அளவு என்று நோட்டில் இருந்ததா, கடையில் பார்த்த எலுமிச்சம்பழத்தின் அளவுக்குப் புளியை உருட்டிப் போட்டுவிட்டேன். இங்கே விற்கும் எலுமிச்சை ஸ்பெயினிலிருந்து வருவது, நம் ஊர்ச் சின்ன எலுமிச்சையைப் போல மூன்று மடங்கு. அந்த ரசத்தை ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு ஒரு சமையல் தராசு வாங்கினேன். என் கணக்கில் இரண்டு பேருக்கு ரசம் என்றால் 10 கிராம் புளி. தொடக்கத்தில் தராசு பெரிய உதவி. கை பழகும்வரை கண்ணை நம்பத் தேவையில்லை.

சமைக்கத் தெரியாதவர் முதலில் எதைக் கற்க வேண்டும் என்று கேட்டால், தாளிப்பு என்பேன். சாம்பாரோ பிரியாணியோ அல்ல. தாளிப்பு கைவந்துவிட்டால் வெந்த பருப்பு குழம்பாகும், தயிர் சோறு சாப்பாடாகும், அவித்த முட்டைக்கோஸ் பொரியலாகும். இங்கே அதைக் கற்றுக்கொள்வது கொஞ்சம் கஷ்டம். கண்ணாடித் தட்டு போன்ற மின் அடுப்பு மெதுவாகச் சூடேறும், அணைத்த பிறகும் ஐந்து நிமிடம் கொதிக்கும். கேஸ் அடுப்பில் தீயைக் குறைப்பது போல நினைத்து விட்டால் கடுகு கருகிவிடும். அடிப்பாகம் உருண்டையான வாணலியும் அதில் நிற்காது. தட்டையான அடி உள்ள சின்னச் சட்டி ஒன்று போதும்.

எண்ணெய் சூடானதா என்று பார்க்க ஒரே ஒரு கடுகைப் போடுங்கள். அது வெடித்தால் மீதியைப் போடலாம். கடுகு பாதி வெடிக்கும்போது உளுத்தம் பருப்பு. உளுந்து இளம் பழுப்பாக மாறத் தொடங்கும் அந்த நொடியில் சட்டியை அடுப்பைவிட்டுத் தூக்கிவிடுங்கள். அணைத்தால் போதாது, தூக்க வேண்டும். பிறகு எண்ணெயில் இருக்கிற சூட்டிலேயே காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, கடைசியாகப் பெருங்காயம். ஜன்னலை முதலிலேயே திறந்து வையுங்கள். மிளகாய்க் கமறல் பொதுச் சமையலறையில் எல்லோரையும் இருமவைக்கும், மேலே புகையைக் கண்டால் கத்தும் கருவி வேறு இருக்கிறது. கடுகு வாங்கும்போதும் கவனம். சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது மஞ்சள் கடுகு, ஊறுகாய்க்குப் போடுவது. நம் கடுகின் வாசனை அதில் வராது.

நம் கடுகுக்கு நான் நியூரம்பர்க் போவேன், ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே ஓர் ஈழத்தமிழரின் கடை. 80-களில் போருக்குத் தப்பி வந்தவர்களில் ஒருவர். முதல் நாள் நான் என்ன வாங்குவதென்று தெரியாமல் நின்றபோது, "என்ன தேடுறீங்கள் தங்கச்சி?" என்று அவர் கேட்டதில் எனக்குத் தொண்டை அடைத்தது. மூன்று வாரமாக யாரும் முகத்தைப் பார்த்துத் தமிழில் பேசவில்லை. நான் யாழ்ப்பாணத் தூளைச் சாம்பார்ப் பொடி என்று நினைத்து எடுத்தேன். "அது வறுத்த தூள், நல்ல உறைப்பு. கறிக்குத்தான் சரி, சாம்பாருக்குப் போடாதேங்கோ" என்று மாற்றிக் கொடுத்தார். மரக்கறி எந்தக் கிழமை வரும், எந்தப் பொன்னி அரிசி பழசு, கறிவேப்பிலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வைத்தால் எத்தனை மாதம் தாங்கும், எல்லாம் அவர் சொன்னதுதான். புலம்பெயர்ந்து வந்து இத்தனை வருடமாக அவர்கள் கடை நடத்தியிருக்காவிட்டால், பின்னால் வந்த எங்களைப் போன்றவர்கள் என்ன செய்திருப்போம் என்று அடிக்கடி நினைப்பேன்.

அங்கே போக முடியாத வாரங்களில் தயிர் சோற்றுக்கு இங்கத்திய பால் அரிசியே போதும். பாலில் வேகவைத்து இனிப்பு செய்ய இங்குள்ளவர்கள் வாங்கும் குண்டு அரிசி அது. குழைந்து ஒட்டிக்கொள்ளும். அதில் பொங்கலும் நன்றாக வரும். 3.5 சதவீதக் கொழுப்புள்ள தயிர் வாங்குங்கள். சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போதே மசித்து, கொஞ்சம் பால், தயிர், உப்பு, மேலே தாளிப்பு. பவேரியாவில் இரவு எட்டு மணிக்குக் கடையை மூடிவிடுவார்கள், ஞாயிறு முழுக்கக் கிடையாது. ஆகவே அரிசி, தயிர், மைசூர் பருப்பு மூன்றும் சனிக்கிழமைக்குள் வீட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது என் பழக்கமாகிவிட்டது.

ரசத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் குளிர்காலத்தில், நான்கரை மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில், காய்ச்சலோடு அறையில் தனியாகக் கிடந்தபோது என்னை எழுப்பி உட்காரவைத்தது அதுதான். 10 கிராம் புளியை 400 மில்லி வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். ஒரு பெரிய தக்காளியைக் கையால் பிசைந்து அதில் போட்டு, மஞ்சள்தூள், உப்பு சேர்த்து, பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிடுங்கள். பத்து நிமிடம் ஆகும். அதற்குள் ஒரு டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், நான்கு பல் பூண்டு மூன்றையும் ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். உரல் இல்லையென்றால் கெட்டியான உறையில் போட்டுக் கனமான கப்பின் அடியால் இடிக்கலாம், நான் ஒரு வருடம் அப்படித்தான் செய்தேன். தட்டியதையும் ஒரு கரண்டி பருப்புத் தண்ணீரையும் சேர்த்தபிறகு கொதிக்கவே விடக்கூடாது. ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்குக் கூடி வரும்போது பாத்திரத்தை இறக்கிவிட வேண்டும். அதற்குமேல் கொதித்தால் வாசனை போய்க் கசப்பு வந்துவிடும். அப்புறம் நெய்யில் தாளிப்பு, கொத்தமல்லித்தழை. நெய்க்கு இங்கே உருக்கிய வெண்ணெய் என்றே டப்பாவில் விற்கிறார்கள்.

அந்தக் காய்ச்சல் நாளில் பக்கத்து அறைப் பெண், வியட்நாமிலிருந்து வந்தவள், வாசனை பிடித்து வந்து ஒரு கப் வாங்கிக் குடித்தாள். மறுநாள் எனக்கு அவள் இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

இட்லி மட்டும் ரொம்ப நாள் கைகூடவில்லை. ஜனவரியில் அறைக்குள் 19 டிகிரி, மாவு ஒரு நாள் முழுக்க வைத்தும் அசையவில்லை. பிறகு ஓவனைச் சூடாக்காமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ராத்திரி உள்ளே வைத்தேன். காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. பொதுச் சமையலறை என்பதால் கதவில் 'தயவுசெய்து திறக்காதீர்கள்' என்று சீட்டு ஒட்டியிருந்தேன்.

போன வருடம் முதல் முறையாக ஊருக்குப் போனேன். அம்மா அடுக்களையை என்னிடம் கொடுத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். பருப்பை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு விசில் வந்தது, இரண்டு வந்தது, எனக்கு எதுவும் புரியவில்லை. "மூணு ஆச்சு, அணை" என்று அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள். ரசத்தை மட்டும் யாரும் சொல்லாமல் நுரை கூடியதும் இறக்கிவிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு அம்மா என் நோட்டைக் கேட்டாள். எதிர்வீட்டு அக்காவின் மகன் அடுத்த மாதம் ஜெர்மனிக்கு வருகிறானாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் பென்சிலால் குறித்த நிமிடங்களை ஒரு புது நோட்டில் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினாள். முதல் பக்கத்தின் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால், "தண்ணியப் பாத்துக்கப்பா" என்று எழுதியிருந்தாள்.