மைனஸ் இரண்டு வந்த அன்று

"மேம், ஆன்சர் மைனஸ் ரெண்டு வருது. புக்லயும் அதேதான் இருக்கு. ஆனா எப்படி மேம் மைனஸ் வரும்?"

முதலாமாண்டு பி.எஸ்சி. கணித வகுப்பு, மதியச் சாப்பாடு முடிந்த முதல் பீரியட். கேட்டவள் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பெண். கணக்கு இதுதான்: ஒன் பை எக்ஸ் ஸ்கொயரை −1 முதல் 1 வரை தொகையிட வேண்டும், அதாவது அந்த வளைவரைக்குக் கீழே உள்ள பரப்பைக் காண வேண்டும். தொகையிட்டால் மைனஸ் ஒன் பை எக்ஸ். மேல் எல்லை 1 போட்டால் −1 வரும். கீழ் எல்லை −1 போட்டால் +1. கழித்தால் −2. படி ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவள் நோட்டின் ஓரத்தில் பென்சிலால் வளைவரையையும் வரைந்து வைத்திருந்தாள். இடது பக்கமும் வலது பக்கமும் அச்சுக்கு மேலேயே ஓடும் வளைவரை, பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்கப் பக்கத்தின் உச்சிவரை ஏறிப் போயிருந்தது.

"முழுசும் மேலதான மேம் இருக்கு? பரப்பு எப்படி மைனஸ்ல வரும்?"

அவள் கேட்டதுதான் சரி, புத்தகம்தான் தப்பு. பூஜ்ஜியத்தில் அந்தச் சார்புக்கு மதிப்பே கிடையாது. இப்படி இரண்டு எல்லையையும் போட்டுக் கழிக்க இடம் கொடுக்கும் அடிப்படைத் தேற்றத்தைப் போட வேண்டுமானால் −1 முதல் 1 வரை சார்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். இங்கே நடுவில் அறுந்து கிடக்கிறது. பூஜ்ஜியத்தில் இரண்டாகப் பிரித்து, தனித்தனியாக எல்லை எடுத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் முடிவிலிக்குப் போகின்றன. அந்தத் தொகைக்கு மதிப்பே இல்லை. அன்று முழு பீரியடையும் அதற்கே கொடுத்தேன்.

அந்தப் புத்தகம் எங்கள் பேப்பருக்கென்றே எழுதி அச்சடித்த மாதிரி இருக்கும். ஐந்து யூனிட், ஐந்து அத்தியாயம், சிலபஸில் உள்ள வரிசை அப்படியே. வாங்குவதற்குச் சுலபம், பரீட்சைக்கும் தோது. எந்தப் பதிப்பகம் என்று எழுதப் போவதில்லை. ஆனால் ஒரு தப்பான விடையை 60 பேர் நோட்டில் ஏற்றிக்கொள்ள இருந்தார்கள் என்பது எனக்குள் தைத்துக்கொண்டே இருந்தது. சிலபஸ் மாற்றும் வருஷம் வந்தபோது, கால்குலஸ் பேப்பருக்கான டெக்ஸ்ட் புக்கை நானே பார்த்துச் சொல்கிறேன் என்று துறைத் தலைவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வழக்கமாக இது பத்து நிமிஷத்தில் முடிகிற வேலை. பழைய சிலபஸில் இருக்கும் புத்தகத்தின் பெயரை அப்படியே எடுத்து எழுதி, எந்த அத்தியாயம், எந்தப் பிரிவு என்று குறித்துக் கொடுத்தால் தீர்ந்தது. நான் ஒரு மாசம் எடுத்துக்கொண்டேன். ஸ்டாஃப் ரூம் மேஜையில் ஏழு புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

ஒரு கால்குலஸ் புத்தகத்தை முதலில் எங்கே திறப்பேன் என்றால், சைன் எக்ஸ் பை எக்ஸ் வரும் பக்கத்தில். எக்ஸ் பூஜ்ஜியத்தை நெருங்கும்போது அதன் எல்லை 1. அதை வட்டத்துக்குள் ஒரு சின்ன முக்கோணம், ஒரு வட்டக்கோணப் பகுதி, ஒரு பெரிய முக்கோணம் என்று வரைந்து, மூன்று பரப்பையும் ஒப்பிட்டுக் காட்டினால் எனக்கு நிம்மதி. மேலேயும் கீழேயும் தனித்தனியாக வகையிட்டு எல்லை காணும் லோபிதால் விதி போட்டு ஒரே வரியில் 'நிறுவி'யிருந்தால் மூடி வைத்துவிடுவேன். அந்த விதியைப் போட சைனின் வகைக்கெழு கொசைன் என்று தெரிந்திருக்க வேண்டும். அது கொசைன் என்று காட்டுவதற்கே இந்த எல்லைதான் தேவை. பிள்ளைகள் இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதைப் புத்தகமே கற்றுக்கொடுத்தால், பிறகு நிரூபணம் என்றால் என்ன என்று நான் எப்படிப் புரியவைப்பேன்?

அடுத்து சங்கிலி விதி, அதாவது சார்புக்குள் சார்பு இருந்தால் வகையிடும் விதி. டெல்டா ஒய் பை டெல்டா யு, பெருக்கல் டெல்டா யு பை டெல்டா எக்ஸ், நடுவில் இருப்பதை அடித்துவிடு, முடிந்தது என்று எழுதும் புத்தகங்கள் இருக்கின்றன. டெல்டா யு பூஜ்ஜியமாகிவிட்டால்? பூஜ்ஜியத்தால் வகுத்திருக்கிறோமே! முழு நிரூபணத்தையும் முதலாமாண்டிலேயே கொடுத்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஸ்டாக்ஸ் புத்தகம் அந்தச் சிக்கல் வராத நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, எளிமைக்காக இப்படி வைத்துக்கொள்கிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. எதை விட்டோம் என்று சொல்லும் புத்தகத்தை நம்பிப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாம்.

நாராயணன், மாணிக்கவாசகம் பிள்ளை எழுதிய கால்குலஸ் தொகுதிகளைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டில் இந்தப் பேச்சைப் பேச முடியாது. நான் படித்ததும் அதில்தான், எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் படித்ததும் அதில்தான். வளைவு ஆரம், உறை, லிபினிட்ஸ் தேற்றத்தில் என்-ஆவது வகைக்கெழு என்று கணக்குக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பயிற்சிகளைப் போட்டு வந்தவர்களின் கையில் ஒரு வேகம் இருக்கும், அது வேறு எங்கும் கிடைக்காது. ஆனால் இன்றைக்கு வரும் பிள்ளைக்குப் படம் வேண்டியிருக்கிறது, 'ஏன்' என்று விளக்கும் இரண்டு பத்தி வேண்டியிருக்கிறது. 2018-லும் 2019-லும் மாறிய பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்களில் அவர்கள் படமும் விளக்கமும் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

மேசையில் தாமஸும் ஸ்டீவர்ட்டும் இருந்தார்கள். எம்.ஐ.டி.யில் பாடம் நடத்திய ஜார்ஜ் தாமஸின் புத்தகம் 1950-களின் தொடக்கத்தில் வந்தது, இன்றும் ஆசிரியர்கள் பலர் சேர்ந்து புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். ஜேம்ஸ் ஸ்டீவர்ட்டின் முதல் பதிப்பு 1987. சார்பு என்பதைச் சொல்லிலும், அட்டவணையிலும், வரைபடத்திலும், சூத்திரத்திலும் நான்கு விதமாகக் காட்டித்தான் ஸ்டீவர்ட் தொடங்குகிறார். அந்த ஒரு பிரிவுக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். (வயலின் வாசித்தவர். புத்தக வருமானத்தில் டொராண்டோவில் வளைவு வளைவான சுவர்களோடு ஒரு வீடு கட்டி, அதற்கு 'இன்டெக்ரல் ஹவுஸ்' என்றே பெயர் வைத்தார்.) இரண்டுமே நல்ல புத்தகங்கள். ஆனால் செமஸ்டர் ஃபீஸ் கட்டவே தவணை கேட்கும் வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளிடம், ஒரு பேப்பருக்கு அந்த விலை கொடுத்து வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் பிள்ளைகளிடமே போனேன். பெருமம், சிறுமம் பயன்படும் கணக்குகள் வரும் பகுதியை நான்கு புத்தகங்களிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து, வகுப்பை நான்காகப் பிரித்துக் கொடுத்தேன். அரை மணி நேரம் படிக்க வேண்டும், என்னிடம் எதுவும் கேட்கக் கூடாது. பிறகு எல்லாருக்கும் ஒரே கணக்கு: 18 செ.மீ. பக்கமுள்ள சதுர அட்டை, நான்கு மூலையிலும் சம அளவு சதுரம் வெட்டி, மடித்து மூடியில்லாத பெட்டி செய்ய வேண்டும். கொள்ளளவு பெருமமாக எவ்வளவு வெட்ட வேண்டும்?

வகையிட்டுப் பூஜ்ஜியத்துக்குச் சமன் செய்வதை நான்கு குழுவும் செய்துவிட்டார்கள். 3, 9 என்று இரண்டு விடை வந்தது. அங்கேதான் பிரிந்தார்கள். மூன்று குழுவில் பெரும்பாலானவர்கள் உடனே இரண்டாம் வகைக்கெழுவுக்குப் போனார்கள். சிலர் அதில் குறி தவறி 9 என்றே எழுதி வைத்தார்கள். ஓப்பன்ஸ்டாக்ஸ் பக்கங்களைப் படித்த குழுவில் ஒரு பையன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "18-ல ரெண்டு பக்கமும் 9 வெட்டினா அட்டையே இருக்காதே" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் 9-ஐ அடித்துவிட்டு 3-ஐப் போட்டுப் பார்த்தார்கள்: 3, 12, 12, கொள்ளளவு 432 கன செ.மீ.

அவர்கள் படித்த பக்கத்தில் 24 அங்குலத்துக்கு 36 அங்குல அட்டை ஒன்று இருக்கிறது. அங்கே முதலில் படம், பிறகு எக்ஸ் எதிலிருந்து எதுவரை போக முடியும் என்ற கேள்வி, 0 முதல் 12 வரைதான் என்ற பதில், அதற்குப் பிறகுதான் வகையிடலே வருகிறது. விடை 10 ± 2√7 என்று வந்ததும், கூட்டல் போட்டால் 12-ஐத் தாண்டுகிறது, ஆகவே அது வேண்டாம் என்று தள்ளுகிறார்கள். அந்த ஒழுங்கு இவர்கள் கைக்கு அரை மணியில் வந்துவிட்டது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அங்குலமும் அடியும் பவுண்டுமாக இருப்பது ஒரு குறைதான், மாற்றிக் கொடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் அதைவிடப் பெரிய தடை. வேறொரு புத்தகத்தில் 'வித்தவுட் லாஸ் ஆஃப் ஜெனராலிட்டி' (பொதுத்தன்மை குறையாமல்) என்ற தொடரைப் பார்த்துவிட்டு ஒரு பெண், "இதுல யாருக்கு என்ன நஷ்டம் மேம்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அகராதியைப் பார்த்தால் அப்படித்தான் அர்த்தம் வரும். அதனால் வாக்கியம் எவ்வளவு நீளம், ஒரு பக்கத்தில் இப்படி எத்தனை தொடர் என்பதையும் பார்த்தேன். ஸ்ட்ராங், ஹெர்மன் ஆகியோர் பெயரில் 2016-ல் வந்த ஓப்பன்ஸ்டாக்ஸ் இதில் தேறியது. மூன்று தொகுதியும் இலவசம், ஃபோனில் இறக்கிக்கொள்ளலாம், வியாபாரத்துக்கு இல்லாதவரை நகல் எடுக்கவும் அனுமதி உண்டு.

சிலபஸை முடிவு செய்யும் போர்டு ஆஃப் ஸ்டடீஸ் கூட்டத்தில் நான் வைத்தது: வாசிக்க ஓப்பன்ஸ்டாக்ஸ், பயிற்சிக்கு நாராயணன்–பிள்ளை, நூலகத்தில் புரட்ட தாமஸ். வெளியிலிருந்து வந்த ஒரு நிபுணர், "இலவசமா கிடைக்கிறதை டெக்ஸ்ட் புக்னு போட்டா மரியாதையா இருக்குமா?" என்று கேட்டார். பெட்டிக் கணக்கின் விடைத்தாள்களைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். நான்கு கட்டையும் அவர் முன்னால் வைத்தேன். பொறுமையாகப் புரட்டிப் பார்த்தவர், அட்டை படம் போட்டு 9-ஐ அடித்திருந்த தாளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். தீர்மானம் அப்படியே போனது.

முதல் தொகுதியிலிருந்து எங்கள் சிலபஸுக்கு வேண்டிய அத்தியாயங்களை மட்டும் ஸ்பைரல் போட்டு நூலகத்தில் பத்து பிரதி வைத்திருக்கிறோம். அந்த மைனஸ் இரண்டு கணக்கு மாதிரியான முறையற்ற தொகைகள் இரண்டாம் தொகுதியில்தான் வருகின்றன. அந்தப் பகுதியையும் பிரிண்ட் எடுத்துச் சேர்க்க வேண்டும். மைனஸ் இரண்டு பிடித்த பெண் இப்போது இரண்டாமாண்டு. அந்தப் பக்கங்களைச் சரிபார்க்க அவளைத்தான் கூப்பிட்டிருக்கிறேன்.