பிடியரிசிப் பானை

நம் பள்ளியில் படித்து, இந்த முன்னாள் மாணவர் மலரை வாசிக்கும் எல்லாருக்கும் காலை ஜெபம் நினைவிருக்கும். வரிசையாக நின்று ஒரு கீர்த்தனை, ஒரு வேதவசனம், தலைமையாசிரியரின் ஜெபம், அப்புறம் வகுப்பு. விடுதியில் தங்கிப் படித்த எங்களுக்கு அதற்கு முன்னாலேயே, நன்றாக விடியாத நேரத்தில், இன்னொரு ஜெபம் உண்டு. அதை நடத்திய டீச்சர் ஆமென் சொன்ன கையோடு, "மக்களே, ஜெபிச்சாச்சுல்லா? வாங்க, வேலை கிடக்கு" என்பார். முற்றம் பெருக்க வேண்டும். சமையல்கார அம்மாவுக்கு மரச்சீனிக் கிழங்கு உரித்துக் கொடுக்க வேண்டும். யாராவது காய்ச்சலில் படுத்திருந்தால் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும். இந்தக் கஞ்சி வேலையை மட்டும் டீச்சர் யாரிடமும் நிரந்தரமாகக் கொடுக்க மாட்டார். படுத்திருப்பவளோடு யாருக்குச் சண்டையோ அவளைத்தான் அனுப்புவார்.

அன்று அது வெறும் கண்டிப்பு என்றுதான் தெரிந்தது. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருக்கும் இந்த வயதில், விசுவாசத்தைப் பற்றி நான் கற்ற முதல் பாடம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஜெபத்துக்கும் வேலைக்கும் நடுவே டீச்சர் இடைவெளியே விடவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். விடுமுறைக்குப் போனால், அம்மா உலை வைக்கும்போது பக்கத்தில் நிற்பேன். அரிசியை அளந்து முறத்தில் போட்டதும், அதிலிருந்து ஒரு பிடி அள்ளி மூலையில் இருக்கும் சின்ன மண்பானையில் போடுவார். பிடியரிசி. நம் பக்கத்துச் சபைகளில் பழக்கம்தானே, மலரைப் படிக்கும் பலர் வீட்டிலும் அந்தப் பானை இருந்திருக்கும். போடும்போது அம்மாவின் உதடு லேசாக அசையும். என்ன சொல்வார் என்று நான் கேட்டதில்லை. ஆனி, ஆடியில் கையில் காசு ஓட்டம் இல்லாமல், வெறும் மரச்சீனியும் மீன்கறியுமாக நாள் போகும். அப்போது தன் வயிற்றைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். "இன்னைக்குப் பானைக்கு ஒண்ணும் இல்லையே" என்பதுதான் அவருடைய குறை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி ஆலயத்துக்குப் போகும். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். ஒருவர் கொண்டுவந்த முதல் மட்டி வாழைக்குலை, ஒருவர் வீட்டுச் சேவல், பலாப்பழம், முட்டை, கூடவே எல்லா வீட்டு அரிசியும் கலந்த மூட்டை. காசுள்ளவர்கள் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிடுவார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கள் ஊரில் ஆதரவில்லாத ஒரு விதவைக்குப் போனது. அரிசி கொடுத்தவர்களில் அவரும் உண்டு என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். வாங்குகிறவர், கொடுக்கிறவர் என்று அங்கே இரண்டு வரிசை இல்லை. எனக்கு அது இன்றுவரை பெரிய விஷயம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இது நேற்று வந்ததல்ல. மயிலாடி ஊர்க்காரர் வேதமாணிக்கம் வேண்டிக்கொண்டதன் பேரில் 1806-ல் வந்தவர் மிஷனரி ரிங்கல்தௌபே. சம்பளத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர், கையில் வந்ததை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார். 1819-ல் நாகர்கோவிலில் மிஷனரி மீட் ஐயர் தொடங்கிய செமினரி என்ற பள்ளிதான் பின்னாளில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. நெய்யூரில் 1838-ல் மருத்துவப் பணி தொடங்கியது. மேலாடை அணியக்கூட உரிமை இல்லாதிருந்த பெண்களின் பேத்திகள் பிறகு பள்ளிக்கூடம் போனார்கள், ஆசிரியைகளும் செவிலியர்களும் ஆனார்கள். அந்த வரிசையின் கடைசியில் எங்கோ நானும் நிற்கிறேன்.

நெய்யூர் என்றால் சாமர்வெல் டாக்டரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்த குழுவில் இருந்தவர். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூர் வந்தார். வாசலில் காத்துக்கிடந்த கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் மருத்துவர் போதாத நிலையையும் கண்டார். லண்டனில் நல்ல வேலை கிடைத்திருக்கும், அதை விட்டுவிட்டு இங்கேயே வந்து தங்கினார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போனார், திரும்பவும் நெய்யூருக்கே வந்தார். அவர் மலை ஏறியதைத்தான் உலகம் பேசுகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர் அறுவை சிகிச்சை செய்த டாக்டர், அவ்வளவுதான். தினமும் அதே வார்டு, அதே புண், அதே வரிசை என்று பல வருடம் நின்றது மலையேற்றத்தைவிடக் கடினம் என்பது, வார்டில் நிற்கிறவள் என்ற முறையில் என் அபிப்பிராயம்.

இங்கே என் நாள் ஏழரை மணிக்குத் தொடங்குகிறது. பேருந்தில் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்பேன். பெரும்பாலும் 121, மலைகளுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கும் சங்கீதம். வேளிமலையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது சொந்த ஊர்ச் சங்கீதம். இரவுப் பணியில் இருந்தவர் பொறுப்பை ஒப்படைக்கும்போது நோயாளிகளின் பெயர்ப் பட்டியல் கைக்கு வரும். ஒவ்வொரு பெயரிலும் ஒரு நொடி நின்று, மனசுக்குள் கர்த்தரிடம் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போவேன். நோயாளி கேட்காமல் அவரோடு ஜெபிக்கக் கூடாது என்பது இங்கே விதி. நல்ல விதிதான். படுக்கையில் கிடக்கிறவர் நம் விசுவாசத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டிய கட்டாயத்தில் இருக்கக் கூடாது. முதுகில் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, பல்செட்டைக் கழுவி வைப்பது, பார்க்க யாரும் வராத கிழவரிடம் தேநீர் ஆறும்வரை பேசுவது, இவற்றுக்கு யாரும் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. அதே நேரம், காலையில் அந்தச் சங்கீதத்தை விட்டுவிட்ட நாட்களில் மத்தியானத்துக்குள் குரலில் எரிச்சல் ஏறிவிடுவதையும் பார்க்கிறேன்.

அதனால் நம் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழா சமயத்தில் மொத்தமாக ஒரு தொகை திரட்டி அனுப்புகிறோம், படம் எடுக்கிறோம். நல்லதுதான். ஆனால் விடுதிப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுச் செலவு மாதாமாதம் வருகிறது. ஆளுக்கு ஒரு சின்னத் தொகை, சம்பளம் வந்த அன்றே, வீட்டுச் செலவுக்கு எடுக்கும் முன் எடுத்துவைத்தால் போதும். பெயர்ப் பலகை வேண்டாம். செயலாளரிடம் பேசிவிட்டேன், தனிக் கணக்கு எழுத ஒத்துக்கொண்டார். அடுத்த மாதத்திலிருந்து தொடங்குகிறோம். சேர நினைப்பவர்கள் அவரிடம் பெயரைச் சொல்லிவிடுங்கள்.