பேருந்தில் ஏறிப் போன செய்திகள்

தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கும் பாபநாசத்தில், என் அப்பா 1980 முதல் 2011 வரை ஒரு தமிழ் நாளிதழின் பகுதி நேர நிருபராக இருந்தார். பாபநாசம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருகிற பொதிகை மலையடிவாரத்து ஊர் இதுவன்று. இது நெல்லும் வெற்றிலையும் வாழையும் விளைகிற காவிரிப் படுகையின் சிற்றூர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று பல ஆண்டுகளாக நினைத்திருந்தேன்.

அப்பாவின் அலுவலகம் எங்கள் வீட்டுத் திண்ணைதான். காலையில் காவல் நிலையம், பிறகு அரசு மருத்துவமனை, தாலுகா அலுவலகம், நீதிமன்றம் என்று சைக்கிளில் ஒரு சுற்று வந்துவிட்டு, மதியம் திண்ணையில் அமர்ந்து ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள்களில் செய்திகளை முடிப்பார். மாலை ஐந்தரை மணிக்குள் அவற்றை ஒரு கவரில் போட்டு, மேலே பத்திரிகையின் பெயரையும் 'செய்தி, அவசரம்' என்பதையும் எழுதித் திருச்சி செல்லும் பேருந்தின் நடத்துநரிடம் கொடுக்க வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அது என் வேலை. நடத்துநர் அந்தக் கவரை ஓட்டுநருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடியோரம் செருகி வைப்பார். திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் பத்திரிகை அலுவலகப் பையன் வந்து வாங்கிக்கொள்வான். பேருந்து வழியில் பழுதானால் எங்கள் தாலுகாவுக்கு அன்று செய்தியே இல்லை. பெரிய விபத்து என்றால் மட்டும் தபால் நிலையத்துக்கு ஓடி டிரங்க் கால் போட்டு, இரைச்சலுக்கு நடுவே ஒவ்வொரு பெயரையும் எழுத்தெழுத்தாகச் சொல்லுவார்.

1942இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி'யைத் தொடங்கியபோது, எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் டீக்கடையில் ஒருவர் படிக்கக் கேட்பவருக்கும் விளங்கும் தமிழில் செய்தி எழுதுவது வழக்கத்துக்கு வந்தது. பின்னர்த் தமிழ் நாளிதழ்கள் ஊருக்கு ஊர் பதிப்புகளைத் தொடங்கியபோது, அந்தப் பக்கங்களை நிரப்ப ஒவ்வொரு தாலுகாவிலும் ஓர் ஆள் தேவைப்பட்டார். அப்படித் தேவைப்பட்டவர்களில் ஒருவர் அப்பா. ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கப்படுவது தலைநகரத்து நிருபருக்குச் செய்தி. திறந்து இருபது நாள் ஆகியும் எந்தக் கிளை வாய்க்காலில் தண்ணீர் ஏறவில்லை, எந்த மதகின் பலகை உடைந்து கிடக்கிறது என்பது அப்பாவுக்குச் செய்தி. நான்கு வரியில் வந்த அந்தச் செய்தியைக் காட்டி விவசாயிகள் பொதுப்பணித் துறை அலுவலகத்தில் பேசியதை நானே பார்த்திருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் அவர் ஒரு பிழை செய்தார். ஒரு டிராக்டர் விபத்தில் இறந்தவரின் இனிஷியலை மாற்றி எழுதிவிட்டார். பக்கத்துக் கிராமத்தில் அதே பெயரும் அந்த இனிஷியலும் கொண்ட வேறொருவர் இருந்தார். வெளியூரில் வேலை பார்த்து வந்த அவருடைய வீட்டில் காலைச் செய்தித்தாளைப் பார்த்ததும் அழுகை தொடங்கி, அவர் உயிரோடிருக்கிறார் என்று தெரிய மாலை ஆகிவிட்டது. மறுநாள் அப்பா அந்த வீட்டுக்குப் போய், வாசலில் நின்று அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அதற்குப் பிறகு பெயர், இனிஷியல், தகப்பனார் பெயர், ஊர் ஆகிய நான்கையும் இரண்டு பேரிடம் கேட்டு ஒத்துப்பார்க்காமல் அவர் ஒரு செய்தியையும் கவரில் போட்டதில்லை. பெருநகரத்து நிருபர் தாம் எழுதியவரை மறுபடி சந்திக்காமலே இருந்துவிடலாம். தாலுகா நிருபர் மறுநாள் காலை டீக்கடையில் அவர் பக்கத்திலேயே உட்கார வேண்டும்.

இத்தனைக்கும் கிடைத்த ஊதியம், வெளியான செய்தியின் நீளத்தைப் பொறுத்தது. மாதக் கடைசியில் செய்திகளைக் கத்தரித்து ஒட்டி, அளவுகோல் வைத்து எத்தனை செ.மீ. என்று அளந்து, கூட்டி அனுப்புவோம். அளக்கிற வேலையும் என்னுடையதே. அது அரிசிக்குக்கூடப் போதாது என்பதால், பத்திரிகை முகவராகவும் இருந்து விடியற்காலையில் கட்டுகளைப் பிரித்து வீடு வீடாகப் போட வைத்தார். உழைக்கும் பத்திரிகையாளர்களுக்கான 1955ஆம் ஆண்டுச் சட்டம், பகுதி நேரமாக வேலை செய்பவரையும் பத்திரிகையாளர் என்றே ஏற்றது. ஆனால் அதுவே அவருடைய முதன்மைத் தொழிலாக இருக்க வேண்டும் என்றது. வேறு தொழில் செய்யாமல் பிழைக்க முடியாத ஊதியத்தைக் கொடுத்துவிட்டு, வேறு தொழில் செய்வதாலேயே ஒருவரைப் பத்திரிகையாளர் அல்லர் என்று சொல்ல முடிகிற இந்த நிலை எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம். 2011இல் மத்திய அரசு ஏற்று அறிவித்த, பத்திரிகையாளர்களுக்கான மஜீதியா ஊதியக் குழுவின் பரிந்துரைகள் 2014 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானபோது, அப்பா ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

தீபாவளி மலருக்கு விளம்பரம் பிடித்துத் தர வேண்டும் என்ற நெருக்கடி இதைவிடக் கொடியது. வாய்க்காலில் கழிவைத் திறந்துவிட்ட ஓர் ஆலையைப் பற்றி எழுதிய ஆண்டில், அந்த ஆலையின் விளம்பரம் வரவில்லை. வருகிற மற்ற இரண்டும் நின்றன. அப்பா அதை வீட்டில் சொல்லவில்லை. அம்மாதான் கணக்குப் பார்த்துக் கண்டுபிடித்தார்.

1992 பிப்ரவரி 18 அன்று மகாமகக் குளத்தில் நெரிசலில் பலர் இறந்தபோதும் அவர் கும்பகோணத்தில் இருந்தார். அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார். 2004 ஜூலை 16 பற்றி மட்டும் பேசியிருக்கிறார். காசிராமன் தெருப் பள்ளியில் மதிய உணவுச் சமையற்கூடத்துத் தீ கூரைக்குப் பரவி, மாடியில் கீற்றுக் கூரையின் கீழ் இருந்த வகுப்புகளில் 94 குழந்தைகள் மாண்ட நாள் அது. கும்பகோண நிருபருக்கு உதவியாகப் போன அப்பாவிடம், அரசு மருத்துவமனையில் பெயர்களைச் சேகரிக்கும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அவர் பெற்றோர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. உடன் வந்த சித்தப்பாவிடமோ, ஊர்க்காரரிடமோ, ஆட்டோ ஓட்டி வந்தவரிடமோ தாழ்ந்த குரலில் கேட்டு, இன்னொருவரிடம் ஒத்துப்பார்த்து எழுதினார். இரவு வீடு திரும்பியவர் சாப்பிடாமல், என் பழைய பள்ளி நோட்டுப் புத்தகம் ஒன்றில் அத்தனை பெயர்களையும் மறுபடி தெளிவாக எழுதி வைத்தார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றும் பதினொரு பேரை விடுவித்தும் தீர்ப்பளித்தது. மறுநாள் செய்தித்தாள்களை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். கண்புரை முற்றி, அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்தார். குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்களும் வழக்கறிஞர்கள் சொன்னதும் விரிவாக வந்திருந்தன. படித்து முடித்ததும், பரணில் இருந்த நோட்டை எடுத்து வரச் சொன்னார். அவர் சேகரித்திருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில், மை மங்கியிருந்த ஓர் இனிஷியலை 'சு' என்று படித்தேன்.

"'ச' அம்மா" என்றார் அப்பா. "சரியாப் படி."