ஆக்னஸ் நிக்சனின் பகல்நேரத் துணிச்சல்

நெடுந்தொடர்களை வெறும் அழுகைக் கதைகள் என்று ஒதுக்குவோரிடம், அமெரிக்கப் பகல்நேரத் தொலைக்காட்சித் தொடர்களின் எழுத்தாளர் ஆக்னஸ் நிக்சனின் பெயரைத்தான் நான் முதலில் சொல்வேன். தோழி ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்திருந்த அவர், கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய உதவும் பாப் ஸ்மியர் பரிசோதனையின் அவசியத்தைப் பெண்களிடம் கொண்டுசேர்ப்பதற்காக, 1962-இல் 'கைடிங் லைட்' தொடரின் குடும்பத்தலைவி பெர்ட் பாவருக்கு அந்நோயின் அறிகுறி தெரிவதாக எழுதினார். 'புற்றுநோய்', 'கருப்பை' ஆகிய சொற்களை யாரும் உச்சரிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் தொலைக்காட்சி நிறுவனமும் விளம்பரதாரரான சோப்பு நிறுவனமும் அதற்குச் சம்மதித்தன.

1968-இல் தொடங்கிய 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரில் அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. வெள்ளை இனப் பெண் என்று பார்வையாளர்கள் நம்பியிருந்த கார்லா, கறுப்பின மருத்துவர் ஒருவரை முத்தமிட்டதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. அவள் கறுப்பினத் தாய் சேடி கிரேயின் மகள் என்பது அதன் பிறகே வெளிப்பட்டது. முதலில் நம்பவைத்து, பிறகு அந்த நம்பிக்கையையே கேள்வி கேட்ட இந்த உத்தியை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கருக்கலைப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உரிமையாக ஏற்ற 1973-ஆம் ஆண்டிலேயே, நிக்சனின் 'ஆல் மை சில்ட்ரன்' தொடரின் நாயகி எரிகா கேன் கருவைக் கலைத்தாள். அந்தக் கருக்கலைப்பே நடக்கவில்லை என்று பல ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் கதையை மாற்றி எழுதியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.