துத்தநாகம் போக வழி விடுங்கள்

கால்வனைசிங்குக்கு, அதாவது ஸ்டீலை உருகிய துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு ஏற்றுவதற்குப் போகிற வேலையின் டிராயிங் கைக்கு வந்தால் மற்றதெல்லாம் எனக்கு அப்புறம்தான். இந்த ஃபிரேமைக் கொக்கியில் மாட்டிச் சாய்த்துத் தொட்டியில் இறக்கினால் காற்று எங்கே வெளியேறும், துத்தநாகம் எங்கே நுழைந்து எங்கே வடியும் என்று முதலில் விரலால் கோடு போட்டுப் பார்ப்பேன். விரல் எங்காவது முட்டி நின்றால் அங்கே ஒரு துளை வேண்டும்.

இரண்டு முனையும் அடைத்து வெல்டிங் அடித்த பைப் விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் நான் இறங்கி வருவதில்லை. தொட்டியில் துத்தநாகம் 450 டிகிரி செல்சியஸ் அளவில் உருகிக் கிடக்கிறது. வெல்டிங்கில் ஒரு ஊசித்துளை இருந்தால் போதும், துத்தநாகத்துக்கு முன்னால் துருவைக் கழுவ முக்குகிற ஆசிட் தொட்டியிலேயே கொஞ்சம் ஈரம் உள்ளே போய்விடும். அது அந்தச் சூட்டில் நீராவியாகி, போக வழியில்லாமல் பைப்பைப் பிளந்துவிடும். உருகிய உலோகம் தெறிப்பது தொட்டியருகே நிற்கிற ஆள் மேல். ஒரு துளை போடச் சோம்பல்பட்டு இன்னொருவர் உயிரோடு விளையாடக் கூடாது.

துளை போட்டால் மட்டும் போதாது, இடமும் முக்கியம். ஐ-பீமில் ஸ்டிஃப்னர், அதாவது வலுவுக்குக் குறுக்கே வைக்கிற தகடு, வரும் மூலையைப் பாருங்கள். பீமின் நடுத்தகடான வெப், மேலும் கீழும் உள்ள பட்டையான ஃபிளாஞ்ச், ஸ்டிஃப்னர் மூன்றும் சேரும் இடம் சின்னக் குழி மாதிரி ஆகிவிடும். தொட்டியில் இறங்கும்போது அங்கே காற்று சிக்கினால் ஆசிட் படாது. ஆசிட் படாத இடத்தில் துத்தநாகம் ஒட்டாது. வெளியே எடுத்தால் அந்த மூலை மட்டும் கறுப்பாக நிற்கும். எதிர்ப்பக்க மூலையிலோ துத்தநாகம் வடியாமல் தேங்கி, துத்தநாகச் சாம்பலோடு கட்டியாக உறைந்திருக்கும். ஸ்டிஃப்னர் தகட்டை வெட்டும்போதே மூலைகளைச் சாய்வாக நறுக்கிவிட்டால் இரண்டும் வராது. பைப்பிலும் அப்படித்தான்: துளை மூட்டை ஒட்டி, மேலே ஒன்று கீழே ஒன்று, குறுக்கும் எதிருமாக இருக்க வேண்டும். மூட்டிலிருந்து தள்ளிப் போனால், தள்ளின அளவுக்கு உள்ளே ஏதாவது தங்கும்.

வெல்டிங் மேல் படிகிற ஸ்லாக் என்ற கசடு ஆசிட்டில் கரையாது. ஆயில் பெயிண்டில் எழுதின அடையாள எண்ணும் போகாது. தட்டி, தேய்த்து எடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

ஸ்டீலில் இருக்கும் சிலிக்கானை நிறைய பேர் கேட்பதே இல்லை. 0.04 முதல் 0.12 சதவீதத்துக்குள் இருந்தால் துத்தநாகம் மிதமிஞ்சி வினைபுரிந்து, பூச்சு தடிமனாக, மங்கின சாம்பல் நிறத்தில் வரும். வெளியே தெரிகிற வேலை என்றால் டெஸ்ட் சர்டிஃபிகேட்டைப் பார்த்துவிட்டு ஸ்டீல் வாங்குங்கள்.

மெல்லிய ஷீட்டைக் கனமான ஆங்கிளோடு சேர்த்து வெல்டிங் அடித்தால் நெளியும். ஷீட் சீக்கிரம் சூடேறி விரியும், ஆங்கிள் அதற்கு இடம் கொடுக்காது. முடிந்தால் தனித்தனியாக முக்கியெடுத்து போல்ட் போடலாம். கீலுக்கும் இடைவெளி விடுங்கள். கால்வனைசிங் பூச்சுக்கான ஐஎஸ்ஓ 1461 தரநிலைப்படி 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஸ்டீலில் பூச்சின் சராசரி குறைந்தது 85 மைக்ரான். அது கீலின் கம்பியிலும் ஏறும், கம்பி நுழைகிற துளைக்குள்ளும் ஏறும்.

கடைசியாக, தொட்டியின் நீள அகல ஆழத்தைக் கேட்டு டிராயிங் ஓரத்தில் எழுதிவைப்பேன். அதைவிட நீளமான பொருளை ஒரு முனை முக்கி, திருப்பி மறுமுனை முக்குவார்கள். அப்போது பாதி சூடாகவும் பாதி ஆறியும் இருப்பதால் வளையப் பார்க்கும். துளைகளும் இரண்டு முக்கலுக்கும் சரியாக அமைய வேண்டும்.