பழவேற்காட்டு டச்சுக் கல்லறை: நிலைக்கண்ணாடி ஒன்று போதும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை இடிந்து புதராகிவிட்டது. கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நிற்கிறது. வாசலின் இருபுறமும் நிற்கும் எலும்புக்கூட்டுச் சிற்பங்களை எல்லோரும் படம் எடுத்துவிடுகிறார்கள். உள்ளே தரையோடு படுத்திருக்கும் கருங்கல் பலகைகள்தான் சோதனை. பதினேழாம் நூற்றாண்டு எழுத்தும் குடும்பச் சின்னமும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். உச்சிவெயிலில் எடுத்தால் வெறும் சாம்பல் நிறப் பலகைதான் கிடைக்கும்.

காரணம் நிழல் இல்லாததுதான். புடைப்பு சில மில்லிமீட்டரே இருக்கும். ஒளி 10 முதல் 15 டிகிரி சாய்வில் உரசிப் போனால்தான் எழுத்து எழும்பும். சூரியன் உதித்து ஒரு மணி நேரத்துக்குள் அந்தக் கோணம் கிடைக்கும், ஆனால் அப்போது மதிலும் மரமும் மறைக்கும்.

அதற்குத்தான் கண்ணாடி. ஓர் அடிக்கு நான்கு அடி நிலைக்கண்ணாடி, பின்னால் ஒட்டுப்பலகை, விளிம்பெல்லாம் டேப். கல்பலகைக்கு மேலே ஒருவர் கறுப்புக் குடையோ துணியோ பிடித்து நேர்வெயிலை மறைக்க வேண்டும். இன்னொருவர் ஐந்தாறு மீட்டர் தள்ளி வெயிலில் நின்று, கண்ணாடியை நெஞ்சுக்குச் சற்றுக் கீழே படுக்கைவாட்டில் பிடிப்பார். சூரியன் 60 டிகிரி உயரத்தில் இருந்தால் கண்ணாடியைச் செங்குத்து நிலையிலிருந்து பின்பக்கம் 25 டிகிரி சாய்த்தால் போதும். முக்காலிக்கும் ஃபிளாஷுக்கும் துறையின் அனுமதி கேட்க வேண்டியிருக்கும். கண்ணாடிக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

ஒளி எழுத்தின் தலைப்பக்க இடது மூலையிலிருந்து வரட்டும். தலைப்பக்கத்திலிருந்து நேராக வந்தால் நெடுங்கோடுகள் மங்கும். கால்மாட்டிலிருந்து வந்தால் புடைப்பு குழிவாகத் தெரிந்து கண்ணை ஏமாற்றும். சந்தேகமிருந்தால் வலது மூலையிலிருந்தும் ஒன்று எடுத்து வையுங்கள்.

கேமராவில் 50 மி.மீ. லென்ஸ், துளை எஃப்/8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 100, ரா (பதப்படுத்தாத) கோப்பு. அகலக்கோண லென்ஸ் ஓரங்களை வளைக்கும். மொபைல் என்றால் தரைக்கு இணையாகப் பிடிக்கும்போது பல மாடல்களில் திரையில் இரண்டு கூட்டல் குறிகள் தெரியும்; அவை ஒன்றின்மேல் ஒன்று விழும்வரை படம் எடுக்காதீர்கள். நீளப் பலகையை மூன்று துண்டாக, 40 சதவீதம் மேற்கவியும்படி எடுத்துக் கணினியில் இணைக்கலாம். ஓரத்தில் 20 செ.மீ. அளவுகோல் இருக்கட்டும். பலகைமேல் ஏறி நிற்கவே கூடாது.

எழுத்து தெளியட்டும் என்று சாக்பீஸ், மாவு, ஷேவிங் நுரை பூசுகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வரும். மாவு பூஞ்சைக்குத் தீனி, சாக்பீஸ் துளைகளில் தங்கிவிடும், நுரையில் அமிலம் உண்டு. மண்ணை மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தள்ளினால் போதும். உப்பங்கழி ஓரமானதால் சுண்ணப்பூச்சில் தண்ணீர் படவே வேண்டாம்: உப்பு கரைந்து, உலரும்போது படிகமாகிப் பூச்சை உரித்துவிடும்.

வாசிக்கும்போது ஒன்று: பல கற்களில் 'யு'வுக்குப் பதில் 'வி' இருக்கும். டச்சு மொழியில் 'ஹியர் லைட் பெக்ராவன்' என்று தொடங்கினால் 'இங்கே அடக்கம்' என்று பொருள். பெயர் பெரும்பாலும் அதை அடுத்தே வரும்.