மஞ்சள் துணியில் இரண்டு காசு

அப்பா முந்தின வருஷம் ஆடியில் தவறினார். தலைத்திவசம் முடிகிற வரை மலை ஏறக் கூடாது என்று பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தம்பி காத்திருந்தான், அவனுக்காக நானும் காத்திருந்தேன். இந்தத் தையில்தான் பழனி ஆண்டவன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டான்.

திவசத்துக்கு முந்தின வாரம் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவருடைய நம்பரும் பெயரும் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டி அது. பென்ஷன் புக், கேன்டீன் கார்டு, பச்சை ஸ்வெட்டர், 71 பாகிஸ்தான் சண்டைக்குக் கொடுத்த சங்கிராம் மெடல், பச்சிமி ஸ்டார் எல்லாம் ஒரு துண்டில் சுற்றி இருந்தன. அதற்கு அடியில் மஞ்சள் துணியில் முடிந்த காசு. முழங்கால் தேய்ந்துபோய், இனிமேல் நடக்கவே கூடாது என்று டாக்டர் சொன்ன வருஷம் முடிந்து வைத்ததாம். கொண்டுபோய்ச் சேர்க்கவே இல்லை. அவிழ்க்காமல் விரலால் தடவிப் பார்த்தேன், உள்ளே இரண்டு காசு தட்டுப்பட்டது. ஒரு நேர்த்திக்கு எதற்கு இரண்டு என்று தம்பி கேட்டான். அம்மா பதில் சொல்லவில்லை, துணியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்பவும் என் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

அப்பா ராணுவத்தின் இன்ஜினியர் படையான மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம்தான் ட்ரெயினிங். ராணுவத்தில் மதராஸ் சாப்பர்ஸ் ஆட்களைத் 'தம்பி' என்றுதான் சொல்வார்களாம், அதைச் சொல்லும்போதே அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். கண்ணிவெடி எடுப்பது அவர் வேலை. ராத்திரியில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஒரு கம்பியைச் சாய்வாக மண்ணில் மெல்ல மெல்லக் குத்திப் பார்த்து, தட்டுப்பட்டால் கையால் மண்ணை விலக்கி எடுத்து, வெடி இல்லாத இடத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிக்கொண்டே முன்னால் போக வேண்டும். பின்னால் வருகிற ஆளும் டாங்கியும் அந்த நாடாவை நம்பித்தான் வருவார்கள். 1971 டிசம்பர் 15 ராத்திரி, ஷகர்கர் பகுதியில் பஸந்தர் ஆற்றுப் பக்கம் அப்படித்தான் வேலை. பாதை முழுசாகத் திறக்கும் முன்னாலேயே பூனா ஹார்ஸ் டாங்கிகள் உள்ளே போய்விட்டன. மறுநாள் அங்கே உயிரைக் கொடுத்து பரம்வீர் சக்கரம் வாங்கிய அருண் கேத்தர்பாலைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா "21 வயசுப் பிள்ளைம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

இரண்டு காலோடு ஊர் திரும்பினால் கால் இருக்கிற வரை நடந்து வருகிறேன் முருகா என்று அந்த மண்ணில் படுத்துக்கொண்டு வேண்டியிருக்கிறார். இதெல்லாம் எங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாததை, நாங்கள் மாலை போட்ட அன்று ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து அம்மா சொன்னாள்.

அப்பாவோடு ஒரே செக்‌ஷனில் ஒரு கேரளாக்காரர் இருந்தாராம். பாலக்காட்டுப் பக்கம். அன்றைக்கு ராத்திரி வெள்ளை நாடாவுக்கு ஒரே ஒரு எட்டு வெளியே கால் வைத்துவிட்டார், கணுக்காலோடு போய்விட்டது. அப்பாதான் தோளில் போட்டுத் தூக்கி வந்திருக்கிறார். சண்டை முடிந்து கொஞ்ச வருஷம் கடுதாசி வந்துகொண்டிருந்தது, அப்புறம் நின்றுபோனது. ஊரில் எங்கள் அப்பத்தா, மகனிடமிருந்து கடுதாசி இல்லையே என்று பயந்து அந்த மார்கழியில் முடிந்துவைத்தது ஒரு காசு. லீவில் வந்து அதைக் கொண்டு போகும்போது அப்பா அதோடு இன்னொரு காசையும் சேர்த்து முடிந்தாராம். "அவனால நடந்து வர முடியாதுல்ல, அவனுக்கும் சேத்து நான் நடக்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும் இரண்டு காசுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷன் இரண்டு பேருக்காக நடந்திருக்கிறார், பெற்ற பிள்ளைகள் எங்களுக்கே தெரியாமல். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

சிங்கம்புணரிப் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் ஆட்களோடு புறப்பட்டு நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று நாலு நாள் நடை. வழி நெடுக அன்னதானம். லெமன் சாதம் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்கிறார்கள், விடியற்காலையில் சுக்குக் காப்பியை வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்று கும்பிட்டுக் கூப்பிடுகிறார்கள். அந்தப் புண்ணியவான்கள் எல்லாரும் நல்லா இருக்கணும். காரை ஓரத்தில் உரசுகிற மாதிரி ஓட்டி, காதைக் கிழிக்கிற மாதிரி ஹாரன் அடித்துப் போகிறவர்களை என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிற பெண்கள் எல்லாம் அந்த ரோட்டில்தான் வருகிறார்கள்.

மூன்றாம் நாள் ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது என் இடது காலில் கொப்புளம் உடைந்துவிட்டது. குதிகாலை ஊன்ற முடியவில்லை. ராத்திரி தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போட்டுத் துணி சுற்றிப் படுத்தேன். விடியும்போது துணி ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. "பஸ்ல ஏறிரு அக்கா, முருகன் ஒண்ணும் சொல்ல மாட்டான்" என்று தம்பி கெஞ்சினான். முருகன் ஒன்றும் சொல்ல மாட்டான் என்பது எனக்கும் தெரியும். மடியில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தேன்.

விருப்பாச்சி தாண்டி வெயில் ஏற ஏற தார்ரோடு கொதித்தது. தலை நிமிர்ந்து தூரத்தைப் பார்த்தால் மயக்கமாக வந்தது, அதனால் முன்னால் போகிற தம்பியின் காலை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்தேன். அப்போதுதான் கவனித்தேன். அவன் நடை அப்படியே அப்பாவின் நடை. முதலில் பாதத்தின் முன்பக்கத்தை வைத்து, ஒரு நொடி நிறுத்தி, அப்புறம்தான் பாரத்தை இறக்குகிறான். அப்பா வரப்பிலும் அப்படித்தான் நடப்பார், கல்யாண மண்டபத்திலும் அப்படித்தான் நடப்பார். சின்ன வயசில் எங்களைப் பழனிக்குக் கூட்டிப் போகும்போது "என் கால் பட்ட எடத்துலயே கால் வச்சு வா தாயி" என்பார். அதை நான் விளையாட்டு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் ஆயக்குடி வரை தம்பி கால் வைத்த இடத்தில் கால் வைத்தே நடந்தேன். வலி இருந்தது, இல்லாமல் போகவில்லை. ஆனால் கால் நிற்கவில்லை. ஆயக்குடியில் கொய்யாப்பழம் வைத்திருந்த ஒரு அம்மா, கேட்காமலேயே பெரிய பழமாக ஒன்றை எடுத்து என் கையில் வைத்து "மலை தெரியுது பாரு" என்றது. நிமிர்ந்து பார்த்தேன். தெரிந்தது. அரோகரா என்று கத்தினேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

இடும்பன் குளத்தில் குளித்துவிட்டுத் திருஆவினன்குடியில் கும்பிட்டுக்கொண்டு அடிவாரம் வந்தோம். அங்கேதான் மனசு கசந்தது. "சீக்கிர தரிசனம், வாங்கம்மா, ஐந்நூறு கொடுங்க போதும்" என்று ஒருவர் கையைப் பிடிக்காத குறையாக வருகிறார். தேங்காய், பழம், பன்னீர், விளக்கு என்று தட்டில் அடுக்கிக் கையில் திணித்துவிட்டு அப்புறம் விலை சொல்கிறார் இன்னொருவர். நாலு நாள் நடந்து கால் ரணமாகி வருகிற ஜனங்களிடம் இப்படிப் பிடுங்கலாமா? செல்போனைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு ஏறினோம். அதுவும் நல்லதுதான், மேலே யாரும் போட்டோவுக்கு நிற்கவில்லை. கூட்டத்துக்காக ஏறுவது யானைப்பாதை, இறங்குவது படி என்று பிரித்து விட்டிருந்தார்கள். 693 படியும் ஏறிப் போகணும் என்று ஆசைப்பட்டு வந்தவளுக்கு அது ஒரு குறை. ஆனால் அந்தக் காலோடு படி ஏறியிருக்க முடியுமா என்று இப்போது யோசிக்கும்போது, அதுவும் அவன் பார்த்துச் செய்ததுதான்.

வரிசையில் ஐந்து மணி நேரம். அப்பாவுக்கு ஆண்டிக் கோலம்தான் பிடிக்கும், அதையே பார்க்கணும் என்று நினைத்துக்கொண்டு நின்றோம். சன்னதியை நெருங்கும்போது சாயரட்சைப் பூஜைக்கு வரிசையை நிறுத்திவிட்டார்கள். திரை போட்டிருந்தது. மணியடித்துத் திரை விலகியபோது ராஜ அலங்காரம். கிரீடமும் வேலும் பட்டுமாக, தேவர் படைக்கெல்லாம் தலைவனாக நிற்கிறான். எனக்கு என்ன வேண்டுவது என்றே மறந்துவிட்டது. அப்பா சன்னதியில் கும்பிடும் முன்னால் ஒரு காரியம் செய்வார். இரண்டு குதிகாலையும் சேர்த்து, முதுகை நிமிர்த்தி, ஒரு கணம் விறைப்பாக நிற்பார், அதற்கப்புறம்தான் கை கூப்புவார். தம்பி அப்படி நின்றான். நானும் அந்தக் கொப்புளக் குதிகாலை இன்னொன்றோடு சேர்த்து நிமிர்ந்து நின்றேன். "நகருங்க, நகருங்க" என்று பின்னாலிருந்து தள்ளினார்கள். எவ்வளவு நேரம் நின்றிருப்போம், ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. அதற்குள் அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டேன். அப்பா, வந்துட்டோம்ப்பா என்று மட்டும் வாயில் வந்தது, முருகனைத்தான் அப்பா என்றேனா, அப்பாவைத்தான் சொன்னேனா, இரண்டும்தான்.

பழனியில் அவன் மேற்குப் பார்த்து நிற்கிறான், எல்லாருக்கும் தெரியும். மலையாளத்து ஜனங்கள் அவனைத் தேடி இவ்வளவு பேர் வருவதற்கு அதைத்தான் சொல்வார்கள். வெளியே வந்து உண்டியல் பக்கம் நிற்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அப்பா ஒவ்வொரு வருஷமும் தரிசனம் முடிந்து மேற்குப் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார், காற்று வாங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் பஞ்சாமிர்தம் கேட்டு அவர் வேட்டியைப் பிடித்து இழுப்போம். அவர் நின்ற இடத்தில் நாங்களும் நின்று அந்தத் திசையைக் கும்பிட்டோம். அந்த மனுஷர் எங்கே இருந்தாலும், இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் முருகன் துணை இருக்கட்டும். முடிச்சு இறுகிப்போய் விரலுக்கு வரவில்லை, தம்பி பல்லால் கடித்து அவிழ்த்தான். ஒன்றை அவன் போட்டான், ஒன்றை நான் போட்டேன். எது யாருடையது என்று பார்க்கவில்லை.

முருகா, எங்கள் அப்பாவை இரண்டு காலோடு அந்த அப்பத்தாவிடம் திருப்பிக் கொடுத்தாயே, அதனால்தானே நானும் என் தம்பியும் இந்த மண்ணில் நிற்கிறோம். இதற்கு மேல் உன்னிடம் எதைக் கேட்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டு அப்பா படத்துக்கும் வைத்தாள். "ரெண்டையும் போட்டீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். போட்டோம் என்றோம். கொஞ்ச நேரம் கழித்துக் கொல்லையில் அம்மி சத்தம் கேட்டது. பழனிக்குப் போய் வந்த அன்று ராத்திரி அப்பாவின் உள்ளங்காலில் சூடு இறங்க அம்மா மருதாணி அரைத்துப் போடுவாள், எனக்கு நினைவு தெரிந்த நாளாக. கிண்ணத்தோடு வந்து என் எதிரில் உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து, கொப்புளம் இருந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் அப்பினாள்.